டொக்டர் பிள்ளையின் அப்பா

இராஜரட்ணத்தின் வாயில் நல்ல செய்தி தங்காது. கேட்டது முழுதாக உள்ளே இறங்குவதற்கு முன்னரே அது வெளியே போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்திருக்கும். கெட்ட செய்தி அப்படியில்லை. அதை மனிதர் வருஷக்கணக்கில் பூட்டி வைத்திருப்பார். மனைவி சந்திரவதனாவுக்குக்கூடத் திறப்பைக் கொடுக்கமாட்டார்.

மூத்த மகள் தனுஷிகாவுக்கு மோர்னிங்சைட் வளாகத்தில் உயிர் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்த அன்றும் அதுதான் நடந்தது. அவர் கனடாவின் ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டு, சப்பாத்து நாடாவைக் கட்டியபடி, "பிள்ளை, இது டொக்டருக்குத்தானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓம் அப்பா, டொக்டருக்குப் போறவை கனபேர் இதைத்தான் படிக்கிறவை" என்றாள் தனுஷிகா.

அது பொய்யில்லை. அவர்தான் கனடாச் செய்தியை யாழ்ப்பாணக் காதால் கேட்டார். ஊரில் பள்ளிக்கூடம் முடிக்கிற ஏ.எல். சோதினையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளை மெடிசினுக்கு எடுபட்ட பிள்ளை. கடிதம் வந்த நாளிலிருந்து அது டொக்டர்தான். பிறகு படித்து முடிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். இங்கே அப்படியில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் அவருடைய பஸ்ஸில் ஏறிய தமிழ் முகம் ஒன்றும் அந்தச் செய்தி இல்லாமல் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஊர்ச்சங்கத் தலைவர் செல்வரட்ணம் அண்ணை ரெலிபோன் எடுத்து, "எங்கட ஊர்ப்பிள்ளை மெடிசினுக்கு எடுபட்டிட்டாவாம், எனக்கு மட்டும் சொல்லேல்லை என்ன?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். அந்த வருஷ ஒன்றுகூடலில் தனுஷிகாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் மேடையில் நின்று முழித்தாள். பிள்ளைக்கு வெட்கம் என்று சபை கைதட்டியது.

மூன்றாம் வருஷம் அவள் சாப்பாட்டு மேசையில் தலையணைப் பருமனில் ஒரு புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இது என்ன சோதினை?" என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

"மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணுறதுக்கான சோதினை அப்பா."

"அப்ப நீ இவ்வளவு நாளும் படிச்சது?"

"அது டிகிரி. இனித்தான் அப்ளை பண்ண வேணும்."

அவருக்குத் தலை சுற்றியது. பஸ்ஸில் ஏறி மூன்று வருஷம் இருந்த பிறகு, இது உங்களை இன்னொரு பஸ்ஸின் தரிப்பிடத்தில் இறக்கிவிடும், அங்கே நிற்கிறவர்களில் சிலரைத்தான் ஏற்றுவார்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் சுற்றாது? ஆனாலும் அவர் வெளியே வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் எடுபட்டால் ஊருக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வருஷம் எடுபடவில்லை. அதற்கடுத்த வருஷம் ஒரு நேர்முகம் வரை போனாள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். பிறகு மன்னிக்கவும் என்றார்கள். அந்தக் கோடை முழுக்கத் தனுஷிகா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு வந்த சந்திரவதனா அதை மறக்கவே இல்லை.

பிறகு பிள்ளை தானாகவே எழும்பினாள். கண் வைத்தியர் ஒருவரிடம் கண்ணின் அழுத்தத்தையும் பார்வையையும் அளந்து கொடுக்கிற வேலை. அதற்கென்று தனியாகப் படித்து, சோதினை எழுதி, தேறினாள். வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டுக்குக் கிட்ட, மார்க்கம் வீதியிலேயே ஒரு இடம் கிடைத்தது. "அங்கை எங்கட சனம் கூடப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார் இராஜரட்ணம். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தூரத்துப் பேர்லிங்டனில் வேலை எடுத்தாள். விடிய எழும்பி ரூஜ் ஹில் ஸ்டேஷனில் ரயில் ஏறி, நகரத்தின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கலுக்குப் போய் வந்தாள். மெடிக்கல் ஸ்கூல் அந்தப் பக்கம்தானாம் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் இந்த வசந்தத்தில் இளையவள் சிவானியின் செய்தி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு இரண்டு இடங்கள். ஒன்று அக்கா படித்த அதே மோர்னிங்சைட் வளாகம், அதே படிப்பு. மற்றது வேறு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பட்டமும் மருத்துவமும் சேர்த்து ஒரே மூச்சில் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் புள்ளி குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், இடையில் வேறு சோதினை இல்லை, விண்ணப்பம் இல்லை, காத்திருப்பு இல்லை. அந்த இடத்துக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள் போட்டிபோட்டார்கள். சிவானி கட்டுரை எழுதி, நேர்முகத்தில் பேசி, எடுபட்டிருந்தாள்.

இராஜரட்ணம் கேட்டவுடன் கதிரையில் இருந்துவிட்டார். இது ஊரில் எடுபடுகிற மாதிரியே எடுபட்டது. இதைச் சொல்ல ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். மறுநாளே செல்வரட்ணம் அண்ணைக்குப் போன் போனது என்று நான் சொல்லவும் வேண்டுமா? "ரெண்டு டொக்டர் பெத்த தேப்பன்!" என்று மறுமுனையில் அண்ணை பூரித்தார். இந்த வருஷ ஒன்றுகூடலில் சிவானிக்குப் பொன்னாடை, தனுஷிகாவின் கையால், என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது.

ஒருவர் மட்டும் தீர்மானிக்கவில்லை. சிவானி.

"ஐ டோன்ட் நோ அப்பா" என்றாள். "எனக்கு டொக்டராக விருப்பமெண்டுதான் நினைக்கிறன். ஆனா எனக்குப் பதினேழு வயசு. நாலு வருஷத்தில வேற ஏதும் பிடிச்சா? அந்த புரோகிராமில இருந்து வெளியில வாறது லேசில்லை."

"டொக்டரை விட வேற என்ன பிடிக்கப்போகுது?" என்றார் அவர். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

சந்திரவதனா இந்த ஒரு விஷயத்தில் கணவனின் பக்கம் நின்றாள். ஆனால் அவளுடைய நியாயம் வேறு. "ஊர் என்ன சொல்லுது எண்டு எனக்குக் கவலையில்லை. மூத்தவள் கிடந்த கிடையை நான் இன்னொருக்காப் பாக்கமாட்டன். ஒரு கதவு திறந்து கிடக்கேக்க அதுக்குள்ள போகாமல், இனித் திறக்குமோ திறக்காதோ எண்டு தெரியாத கதவுக்கு ஏன் காவல் இருக்க வேணும்?"

தனுஷிகா அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி தங்கச்சியைத்தான் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அந்த நாலு வருஷம் வீணாப்போச்சு எண்டு எல்லாரும் நினைக்கிறியள். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. இந்தக் கண் வேலை எனக்கு நல்ல விருப்பம். ஒரே மூச்சில ஓடுற படிப்பில இருந்திருந்தா, இதுவொண்டு இருக்கெண்டே எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா சிவா, நீ என்னை மாதிரி இல்லை. உனக்கு உண்மையா விருப்பமெண்டா கண்ணை மூடிக்கொண்டு போ. விருப்பமோ எண்டு தெரியாட்டில், ஒருத்தருக்காகவும் போகாதை."

கிடைக்காத பிள்ளை வேறு என்னத்தைச் சொல்லும் என்று இராஜரட்ணம் மனதுக்குள் நினைத்தார். நினைத்த கையோடு, இப்படி நினைக்கிறோமே என்று அவருக்கே கூசியது. பதில் அனுப்பவும், அனுப்பிய பதிலை மாற்றவும் ஜூன் தொடக்கம் வரை நாள் இருந்தது. பொறுக்கலாம் என்று விட்டார்.

அந்த நாட்களில்தான் செல்வரட்ணம் அண்ணையின் குளிசைக் கதை வந்தது.

அண்ணைக்கு இருதயம் கொஞ்சம் பலவீனம். உடம்பில் தேங்கும் தண்ணீரைப் போக்க ஒரு குளிசை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்ரூமுக்கு ஓட வேண்டும். ஒன்றுகூடலில் நாள் முழுக்க மேடையில் நிற்க வேண்டியவர் அவர். "ஒலிவாங்கியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க ஓடேலுமோ தம்பி? இப்பவே விட்டுப் பழகினா என்ன? பிள்ளையைக் கேட்டுச் சொல்லும்" என்று போனில் கேட்டார். இப்படி அவர் முன்பும் பல தடவை கேட்டிருக்கிறார். இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படம் எடுத்தும் அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் தனுஷிகா, "உங்கட டொக்டரைத்தான் கேக்க வேணும் அங்கிள்" என்று திருப்பி அனுப்புவாள். அண்ணைக்கு அதில் மனத்தாங்கல். "படிப்புக் கூடினதும் ஊரை மறந்திட்டா போல" என்று போன கிழமைதான் சொல்லியிருந்தார்.

அந்தச் சொல் இராஜரட்ணத்துக்குக் குத்திக்கொண்டே இருந்தது. தனுஷிகாவைக் கேட்டால் அதே பதில்தான் வரும். அண்ணைக்கு அதே மனத்தாங்கல்தான் வரும். ஒரு தண்ணிக் குளிசைதானே. மறுநாள் அவரே போன் எடுத்தார்.

"பிள்ளையைக் கேட்டனான் அண்ணை. கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாக்கட்டாம்."

ஒன்றுகூடலுக்கு முந்திய புதன்கிழமை செல்வரட்ணம் அண்ணையை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கால் இரண்டும் வீங்கி, படுக்கையில் சரிய முடியாமல், மூச்சுக்குத் தவித்திருக்கிறார். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டதாம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தனுஷிகாவுக்கே போன் எடுத்தாள். பாவம், அவளுடைய குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. "நீர் சொன்னபடிதான் பிள்ளை குளிசையை விட்டவர். இஞ்சை டொக்டர்மார் ஏசினம். திரும்பத் தொடங்கலாம்தானே? நீரும் ஒருக்கா இவையளோட கதைச்சுச் சொல்லும்."

தனுஷிகா பேர்லிங்டனில் வேலை முடிந்து ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. உள்ளே வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"செல்வரட்ணம் அங்கிளுக்கு நான் என்ன சொன்னனான் அப்பா?"

இராஜரட்ணம் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். சந்திரவதனா ஒரு தடவை அவரைப் பார்த்தாள், ஒரு தடவை மகளைப் பார்த்தாள். கேளாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. "என்ன வேலை பாத்தனீங்கள்?" என்றாள்.

"ஒரு தண்ணிக் குளிசைதானே எண்டு..."

"நெஞ்சு முழுக்கத் தண்ணி நிரம்பினா ஆள் மூழ்கின மாதிரித்தான் சாகும்" என்றாள் தனுஷிகா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்கள் என்ரை பேரைச் சொல்லி ஒரு மனுசனைக் கொல்லப் பாத்திருக்கிறியள். நீங்கள் ஆசைப்படுறியள் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. பேர்லிங்டனுக்கும் போனனான். இனி ஏலாது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில, தங்கச்சிக்குப் பொன்னாடை போர்க்கக் கூப்பிடுவினம்தானே? அப்ப மைக்கில நானே சொல்லப்போறன்."

"பிள்ளை, கொஞ்சம் பொறு. சிவானியின்ர விஷயம் முடியட்டும். ஒரு மாதம். பிறகு நானே ஆறுதலாச் சொல்லுறன்" என்று இராஜரட்ணம் கெஞ்சினார். எச்சில் கையைக் கூப்பினார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் ஒரு தகப்பன் அப்படி நிற்கக்கூடாது. பார்க்க முடியாமல் தனுஷிகா மேலே ஓடிப்போனாள்.

படிக்கட்டில் சிவானி இருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் இராஜரட்ணத்துக்குப் பின்னேர வேலை. காலையில் ரீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் சிவானி மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அக்செப்ட் பண்ணிட்டன் அப்பா. ஆறு வருஷப் படிப்பு."

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இராஜரட்ணத்தின் முகம் மலர்ந்தது. முந்தின இரவு, அண்ணையின் நெஞ்சுத் தண்ணீர், கூப்பிய கை எல்லாம் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டன. கை தானாகவே போனைத் தேடியது. "என்ரை குஞ்சு!" என்று எழும்பி அவளை அணைத்தார். அவள் அவருடைய கைக்குள் கட்டைபோல நின்றாள்.

"இனி அக்காவை விடுங்கோ அப்பா."

"என்ன பிள்ளை?"

"உங்களுக்கு ஒரு டொக்டர் வேணும்தானே? நான் போறன். அக்கா மேடையில ஏறி ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் உண்மையாப் போனா, கொஞ்சக் காலத்தில ஆக்கள் அக்காவை மறந்திடுவினம். அவ இஞ்சை கிட்டவே ஒரு கிளினிக்கில வேலை எடுக்கலாம். ஒருத்தரும் அவட்டைப் போய் குளிசை கேக்கமாட்டினம். என்னைக் கேக்கட்டும். ஐ வில் நோ தி ஆன்சர்ஸ்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ரீ ஆறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் தான் சொன்ன பொய் ஊரிடம் சொன்னது என்றுதான் இராஜரட்ணம் நினைத்திருந்தார். அது வீட்டுக்குள் வந்து ஒரு பிள்ளையைத் தின்று, போதாது என்று மற்றதையும் கேட்கிறது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பின்னேரம் பஸ்ஸை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட் வீதியால் போனார். வளாகத்து வாசலில் கோடைகால வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். தனுஷிகாவின் வயதில், சிவானியின் வயதில். ஒரு பையன் தான் உயிர் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு வரைபடங்கள் கீறுகிற பாடத்துக்கு மாறிவிட்டதாகச் சிநேகிதனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். என்ன துணிச்சல் என்று முன்பென்றால் அவர் எரிச்சல்பட்டிருப்பார். இன்றைக்கு அவனுடைய தகப்பன் யாராக இருக்கும் என்று யோசித்தார். பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்.

செல்வரட்ணம் அண்ணை மூக்கில் குழாயோடு, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் சுருங்கியிருந்தது. ஆனால் குரல் தலைவர் குரலேதான். "வாரும் வாரும். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வரேலாது. செயலாளர்தான் நடத்துவார். பொன்னாடை மட்டும் பிழைக்கக்கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்." மனைவி கன்ரீனுக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வராது.

"அண்ணை, நான் ஒரு விஷயம் சொல்லவேணும். மூத்தவள் மெடிசின் படிக்கேல்லை."

"இப்ப முடிச்சிட்டாவே?"

"இல்லை அண்ணை. அவள் ஒரு நாளும் படிக்கேல்லை. எடுபடேல்லை. ஒரு கண் டொக்டரிட்டை வேலை செய்யிறாள். ஆரம்பத்தில எனக்கே விளங்கேல்லை. விளங்கினாப்பிறகும் நான் சொல்லேல்லை."

அண்ணை சிரிக்கப் பார்த்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். பிறகு அவருடைய கண் மெல்ல மெல்லக் குழாயின் பக்கம் போனது.

"அப்ப குளிசையை விடச் சொன்னது?"

"நான்தான். அவளுக்கு ஒண்டும் தெரியாது. அவளைக் கேக்கவே இல்லை."

இராஜரட்ணம் ஏச்சுக்குத் தயாராக நின்றார். ஏச்சு வரவில்லை. அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் செத்துப்போறன் எண்டுதான் ஐசே நினைச்சனான்" என்றார் கடைசியில். "மனுசி கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகுது, எனக்கு மூச்சு வரேல்லை. அந்த நேரத்திலயும் உம்முடைய பிள்ளை சொன்னது பிழைக்காது எண்டு மனுசிக்குச் சொன்னனான்."

இராஜரட்ணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வளர்ந்த மனிதன், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கப் பார்க்க அழுதார்.

என்னதான் இருந்தாலும் செல்வரட்ணம் அண்ணை நல்ல மனிதர். ஒருவரை நிலத்தில் விழுத்திவிட்டு அப்படியே விட்டுப்போகிறவர் இல்லை. மூச்சை ஆற்றிக்கொண்டு திரும்பினார். "சரி. மூத்தவ விஷயம் போகட்டும். இளையவவும் எடுபட்டிட்டா எண்டு சொன்னனீர். நான் நாலு பேருக்குச் சொல்லிப்போட்டன். அதாவது மெய்யோ?"

அது ஒரு நீட்டிய கை. பிடித்தால் மேலே வந்துவிடலாம். ஓம் அண்ணை, அது மெய், அவளே போக ஒப்புக்கொண்டும் விட்டாள் என்று சொன்னால் போதும். மூத்தவளின் கதை ஒரு கிழமையில் அடங்கிவிடும், சின்னவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஊர் மெச்சும். இது கூட்டாமல் குறைக்காமல் முழு உண்மை. கடிதம் போனில் இருந்தது. எடுத்துக் காட்டலாம். கை சட்டைப்பைவரை போனது.

பிறகு, நேற்றுக் காலையில் அணைத்தபோது கட்டைபோல நின்ற பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். இதை ஊர் ஒருதரம் பிடித்துக்கொண்டால் அவளால் ஜூன் மாதத்திலும் திரும்ப முடியாது, எந்த மாதத்திலும் திரும்ப முடியாது.

"இல்லை அண்ணை" என்றார். "அதுவும் நான் சும்மா சொன்னது."

அண்ணை அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் போய், அருவருப்பும் இரக்கமும் கலந்த ஒன்று வந்திருந்தது. "உமக்கு என்ன வருத்தம் ஐசே?" என்று கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை வராதையும். பிள்ளையளும் வரவேண்டாம். நான் செயலாளருக்குச் சொல்லுறன். போட்டு வாரும்."

வெளியே கார் தரிப்பிடத்துக்கு வந்தார். ஊருக்கு இனி அவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கே அண்ணையின் மனைவி கன்ரீனிலிருந்து வந்ததும் கதை தொடங்கும். நாளைக்குப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கண்ணைப் பார்க்காமல் ஏறுவார்கள். ஆனாலும் சிவானியை அவிழ்த்துவிட்டாயிற்று என்ற ஒரு எண்ணம் மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தது. வழி முழுக்க அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் சிவானி மட்டும்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து, சீரியலைக் கோப்பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்காவைப் பற்றிச் சொன்னதை, குளிசையைப் பற்றிச் சொன்னதை. அவள் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். அக்கா இனி மேடை ஏறத் தேவையில்லை என்றதும் அவளுடைய தோள் இறங்கியது.

"உன்னைப் பற்றியும் கேட்டவர்" என்றார் இராஜரட்ணம். "எடுபடேல்லை, நான் சும்மா சொன்னது எண்டு சொல்லிப்போட்டன். இனி ஊரில ஒருத்தரும் உன்னை எதிர்பாக்கமாட்டினம். நீ அந்தப் படிப்பை வேண்டாமெண்டு எழுதினாலும் கேக்க ஆளில்லை. உனக்கு என்ன விருப்பமோ அதைச் செய் குஞ்சு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். சிவானியின் முகம் கோணியது. சின்ன வயதில் விழுந்து முழங்கால் உரசினால், அழுவதற்கு முன் இப்படித்தான் ஒரு கணம் கோணும்.

"ஆனா நான் உண்மையா எடுபட்டனான் அப்பா" என்றாள்.

அவர் நீட்டப்போன கையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"அந்த எஸ்ஸேயை நான் எத்தினைதரம் எழுதினனான் தெரியுமே? இன்டர்வியூவில கை நடுங்கினது. அவை என்னைத்தான் எடுத்தவை. நீங்கள் சொன்னதில அது ஒண்டுதான் பொய்யில்லை. அதைப் போய்..." அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இராஜரட்ணம் எழும்பி அவள் பக்கம் போனார். தொடப் பயமாக இருந்தது. மூத்தவளிடம் இல்லாத பெயரைக் கொடுத்துக் கெடுத்தவர், இளையவள் உழைத்து எடுத்த பெயரைப் பறித்துக்கொண்டு வந்து நிற்கிறார். இரண்டு தடவையும் பிள்ளையைக் கேட்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் இரண்டையும் செய்தார்.

"ஓம்" என்றார். "நீ எடுபட்டனி. எனக்குத் தெரியும். நான் உன்னை ஒருக்காக் கேட்டிருக்க வேணும்."

அவள் நெடுநேரம் அழுதாள். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் தலையை நிமிர்த்தியபோது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"நான் அந்தப் படிப்புக்குப் போனாலும் ஒருத்தருக்கும் தெரியாதே?"

"தெரியாது. நான் இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"போகாட்டிலும்?"

"போகாட்டிலும்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். "ஜூன் மட்டும் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்க வேண்டாம்" என்றாள். "அம்மாவையும் கேக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அக்காவுக்கு நான் சொல்லுறன்."

அவர் தலையாட்டினார். எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்று ஒரு சொல் கேட்டால் என்ன என்று நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவள் படியேறி மேலே போனாள். ஊறிப்போன சீரியல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவர் கழுவத் தொடங்கினார்.